புது மண்டபம்: அங்கணத்துக்கு ஒரு கடை

மதுரைக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் ஏமாற்றுவது இந்தப் பெயர்தான். புது மண்டபம் என்று கேட்டதும் போன வருடம் கட்டித் திறந்த கல்யாண மண்டபம் ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள். நேரில் போய்ப் பார்த்தால், நானூறு வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு கருங்கல் மண்டபம் நிற்கும்! கட்டியபோது புதிதாக இருந்ததால் அந்தப் பெயர். அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ புதுக் கட்டடங்கள் வந்துவிட்டன. ஆனாலும் 'புது' என்ற பட்டம் இதைவிட்டுப் போகவில்லை.

இடம் தெரியாதவர்களுக்காக: மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, கீழச் சித்திரை வீதியைத் தாண்டியதும் இருப்பது புது மண்டபம். அதற்கும் கிழக்கே, அடித்தளத்தோடு நின்றுபோன ராயகோபுரம். கோயில், மண்டபம், முடியாத கோபுரம் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். மதுரை வீதிகள் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போவது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சதுரங்களில் கோயில் மதிலை ஒட்டிய சித்திரை வீதியில், அதுவும் சுவாமி சந்நிதியின் நேர் முகப்பில் இருக்கும் இடம் என்றால் அதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் கண்ணில் அது படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கட்டியவர் திருமலை நாயக்கர். அவர் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை. மண்டபம் அவருடைய ஆட்சியின் முற்பகுதியில் எழுந்தது. கோடையில் சுவாமியும் அம்மனும் வந்து இளைப்பாற வேண்டும், அதற்காக ஒரு வசந்த மண்டபம், அவ்வளவுதான் நோக்கம். வைகாசி மாதம் நடக்கும் வசந்த உற்சவம்தான் இதன் பிறவிப் பயன். மண்டபத்தின் மேற்குப் பக்கம், உள்ளே கருங்கல்லில் வழவழவென்று இழைத்த சின்ன மண்டபம் ஒன்று இருக்கிறது. சுவாமி அமரும் இடம் அது. வெயில் தாக்கம் குறைவதற்காக மண்டபத்தைச் சுற்றி அகழி மாதிரி நீர் நிற்கும் பள்ளம் வைத்தார்கள். தண்ணீரைத் தொட்டுவரும் காற்று உள்ளே புகுந்தால் குளுமை. மின்விசிறி இல்லாத காலத்து ஏற்பாடு, கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும்.

இனி கட்டட அமைப்பு. கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பிற்காலத்தில் இங்கே கடைகள் வந்து உட்கார்ந்ததற்கு இந்த அமைப்பே ஒரு காரணம் எனலாம். 1876ல் இந்தியக் கட்டடக் கலையின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன், இதன் நீளம் 333 அடி, அகலம் 105 அடி என்று அளவு தருகிறார். நீளவாக்கில் நான்கு வரிசைத் தூண்கள், அவற்றுக்கு இடையே மூன்று நடைகள். தூண்கள் மொத்தம் 124 என்று சொல்வார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து அழுத்தினால் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் இரண்டு முனையில் தூக்கிப் பிடித்து நடுவில் பாரம் வைத்தால், அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். மரத்துக்கு இருக்கும் வளையும் தன்மை கல்லுக்குக் கிடையாது. அதனால் கல் உத்திரத்தை நீளமாகப் போட முடியாது. தூண்களை நெருக்கமாகத்தான் நிறுத்தியாக வேண்டும். தூணின் தலையில் போதிகை என்று ஒன்றை இருபுறமும் நீட்டிக்கொண்டு போவதும் அழகுக்கு மட்டும் அல்ல; உத்திரம் கடக்க வேண்டிய தூரத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதற்காக. இப்படி இரண்டு தூணுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியைத்தான் அங்கணம் என்பார்கள். சுவரே இல்லாத கட்டடம் அங்கணம் அங்கணமாகத் தானாகவே பிரிந்து நிற்கிறது. ஒரு பெட்டிக்கடை போடத் தேவையான அளவும் கிட்டத்தட்ட அதுவேதான்!

மேல்நாட்டில் இதற்கு ஒப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், விக்டோரியா ராணி காலத்தில் (1837–1901) இங்கிலாந்து நகரங்களில் தெருத்தெருவாகக் கட்டிய வரிசை வீடுகளைச் சொல்லலாம். பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள். அக்ரஹாரத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஊர் பெருத்து, தெரு கடைத்தெருவாக மாறியதும் அந்த வீடுகளின் கீழ்த்தளம் கடையாயிற்று. வாசலை இடித்துக் கண்ணாடி வைத்தார்கள். மாடி ஜன்னல்கள் மட்டும் பழைய முகத்தோடு நிற்கும். அங்கே கடை ஒரு தளத்தில், கலை ஒரு தளத்தில் என்று பிரித்துவிடலாம். புது மண்டபத்தில் அப்படிப் பிரிக்க வழி இல்லை. இங்கே கூரையைத் தாங்குகிற தூணே சிற்பம். கடைக்காரர் பலகை அடிக்கவோ கயிறு கட்டவோ தூணைத் தொட்டால், சிற்பத்தைத் தொட்டதாகத்தான் அர்த்தம்.

அந்தச் சிற்பங்கள் என்னென்ன? முகப்பில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரை வீரர்களும் யாளிகளும். உள்ளே மீனாட்சி திருக்கல்யாணம், ஒற்றைக்காலில் நிற்கும் ஏகபாத மூர்த்தி, கயிலையைத் தூக்கும் ராவணன், ஊர்த்துவ தாண்டவம், எதிரே காளி. திருவிளையாடற் கதைகளும் உண்டு: கல் யானைக்குக் கரும்பு கொடுத்தது, தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவன் பால் கொடுத்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் திருவிளையாடல் முழுக்கத் தெரிந்திருந்தது என்றால் இப்படிப்பட்ட தூண்களுக்கு அதில் பங்கு இல்லாமல் இருக்காது. நடு நடையில் விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை பத்து நாயக்கர்களின் ஆளுயரச் சிலைகள், கைகூப்பியபடி. திருமலை நாயக்கரை அடையாளம் காண்பது சுலபம். தொப்பைதான் அடையாளம். ராஜாவின் தொந்தியை மறைக்காமல் ராஜாவின் காசிலேயே செதுக்கிய சிற்பிக்குத் தைரியம் இருந்திருக்கிறது, மறைக்கச் சொல்லாத ராஜாவுக்கும்தான்.

பக்கத்தில் இருக்கும் ராணியின் சிலையைப் பற்றி இரண்டு கதைகள் ஊரில் உலவுகின்றன. தஞ்சாவூர் இளவரசியான ராணி, மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டிலே உங்கள் மகாலைவிட நன்றாயிருக்கும் என்கிற ரீதியில் பிறந்த வீட்டுப் பெருமை பேச, ராஜா கோபத்தில் கத்தியை எறிந்தார், தொடையில் பட்ட காயம்தான் சிலையிலும் இருக்கிறது என்பது ஒரு கதை. செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்தது, அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் "அது அங்கே இருக்க வேண்டியதுதான், விட்டுவிடு" என்று சிற்பியிடம் சொன்னார், ராணியின் மச்சம் இவருக்கு எப்படித் தெரியும் என்று ராஜா சந்தேகப்பட்டார், தீட்சிதர் கற்பூர ஆரத்தியால் தன் கண்ணைத் தானே அவித்துக்கொண்டார் என்பது இன்னொன்று. சிற்பியின் பெயர் சுமந்திரமூர்த்தி ஆசாரி என்பார்கள். இரண்டு கதைக்கும் ஆதாரம் தேடிப் போகாமல் இருப்பதே நல்லது. ஆனால் ஒரு கட்டடத்தைப் பற்றி இத்தனை கதை இருக்கிறதென்றால், ஜனங்கள் அதன் உள்ளேயே புழங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலி போட்டு வெளியே நிறுத்திய கட்டடத்துக்கு யாரும் கதை கட்டுவதில்லை.

வெள்ளைக்காரர்களையும் இந்த மண்டபம் சும்மா விடவில்லை. ஆடம் பிளாக்கேடர் என்ற அறுவை மருத்துவர், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை அளந்து வரைந்தார். தூண்களைச் சின்னச் சின்ன உலோக மாதிரிகளாகவும் செய்யவைத்தார். அவை இன்று லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1792ல் தென்னாட்டுப் பயணம் வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் இதைப் படமாக்கினார்கள். 1858ல் லினேயஸ் டிரைப் புகைப்படம் எடுத்தார். இவர்கள் அனைவரும் இதைக் குறிப்பிட்ட பெயர் 'திருமல் நாயக்கின் சௌல்ட்ரி', அதாவது சத்திரம். சுவாமிக்குக் கட்டிய வசந்த மண்டபத்தை வழிப்போக்கர் தங்கும் சத்திரமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இந்தத் தவறான பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது.

விக்டோரியா காலம் மதுரையின் உருவத்தையே மாற்றியது. கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். ஊர் மதிலைத் தாண்டிப் பரவ ஆரம்பித்தது. இன்றைய வெளி வீதிகள் அந்த மதிலும் அகழியும் இருந்த இடம்தான். விளக்குத்தூண் பகுதிக்குப் பெயர் தந்த அந்த விளக்குத் தூண் பிளாக்பர்னின் ஞாபகார்த்தமாக வைத்தது. 1875ல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது, அடுத்த வருடம் தூத்துக்குடி வரைக்கும் போனது. மாட்டு வண்டியில் நாள் கணக்கில் வந்தவர்கள் ரயிலில் வர ஆரம்பித்தால் கூட்டம் எவ்வளவு பெருகியிருக்கும்! கூட்டம் இருக்கும் இடத்தில் கடை முளைப்பதற்குப் பொருளாதாரப் பாடம் படிக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே ஏழுகடல் என்ற தெப்பக்குளம் இருந்தது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டதற்காகச் சிவன் ஏழு கடலையும் வரவழைத்ததாகப் புராணம் சொல்லும் இடம். அந்த ஏழு கடலும் போய், இப்போது அங்கே கடைகள். திருமலை நாயக்கர் மகாலிலோ 1970 வரை ஜில்லா கோர்ட் நடந்தது. மதுரையில் ஒரு பழைய கட்டடம் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை போலிருக்கிறது.

புது மண்டபத்துக் கடைகள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. கோயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டு, தாத்தா இருந்த அங்கணத்திலேயே பேரனும் உட்கார்ந்திருந்த கடைகள். கடைசிக் காலத்தில் எண்ணிக்கை முந்நூறை ஒட்டி இருந்தது. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் பஞ்சாங்கம், ஜோதிடம், அம்மன் தோத்திரம், பெரிய எழுத்துக் கதைகள் என்று புத்தகக் கடைகள். ஒரு பக்கம் பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு, மணி. வளையல், குங்குமம், செப்புச் சாமான், சுங்குடிச் சேலை. நடுவில் டக டக டக என்று ஓயாமல் தையல் மெஷின் சத்தம். யாளியின் காலடியில் ஒரு மெஷின், யாளியின் வாயிலிருந்து தொங்குவது போல் ஒரு பாவாடை. அந்தக் காட்சியைப் படம் பிடிக்காத வெளிநாட்டுப் பயணி குறைவு.

அந்தத் தையல்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் தைத்தது சட்டையும் பாவாடையும் மட்டும் அல்ல. கோயில் சுவாமிகளுக்கு வஸ்திரம், தேருக்குத் தொம்பை, குடைக்குத் தொங்கல், நாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்கு உடுப்பு. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி என்றால் பாரதியார் தலைப்பாகையும் கோட்டும் வாங்க மதுரையில் அம்மாக்கள் ஓடிய இடம் இதுதான். எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்திரைத் திருவிழா. கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அழகர் வேஷம் போட்டுக்கொண்டு, தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடித்துக்கொண்டு வருகிற ஆயிரக்கணக்கான பக்தர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கட்டும் உருமால், சல்லடம், கச்சை, எல்லாம் மினுமினுக்கும் ஜிகினாவோடு இங்கே தயாராகும். தைத்தவர்களில் முஸ்லிம்களும் நிறைய. அழகருக்கு நேர்ந்துகொண்டவரின் இடுப்பளவை ஒரு பாய் டேப் வைத்து எடுப்பார், பின்னால் நாயக்க மன்னர் கைகூப்பி நிற்பார். யாருக்கும் அது விசேஷமாகத் தோன்றியதில்லை.

இங்கேதான் சரித்திரம் ஒரு வட்டம் போடுகிறது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது, அழகர் ஆற்றில் இறங்கியது தேனூரில். இரண்டையும் சித்திரையில், மதுரையில் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெருவிழாவாக ஆக்கியவர் திருமலை நாயக்கர் என்றுதான் மதுரையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அப்படியானால், அவர் கட்டிய மண்டபத்தில் கடை போட்டவர்கள், அவர் சேர்த்துவைத்த திருவிழாவுக்குத்தான் துணி தைத்துக்கொண்டிருந்தார்கள்! கடைகளை மண்டபத்துக்குச் சம்பந்தம் இல்லாத ஆக்கிரமிப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம். செல்போன் கவர் விற்கும் கடையும் அழகர் சல்லடம் தைக்கும் கடையும் சட்டத்துக்கு ஒன்றுதான். மண்டபத்துக்கு ஒன்றாக முடியுமா?

ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்டாக வேண்டும், அதில் நியாயம் நிறையவே இருக்கிறது. தூண்களுக்கு நடுவில் மர அலமாரி, கம்பி, தகரம். சிற்பத்தின் கைமேல் துணி மூட்டை. எங்கு பார்த்தாலும் மின்சார ஒயர். சுற்றியிருந்த நீர்ப் பள்ளம் வறண்டு, இருப்பதே தெரியாமல் போயிற்று. உலகத்தின் மறுகோடியிலிருந்து ஏகபாத மூர்த்தியைப் பார்க்க வருகிறவர், ரெடிமேட் பாவாடைகளை விலக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய நிலை. கோயில் சொத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 1959ஆம் வருடத்து இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் கோயில் சொத்தைக் குத்தகைக்கு விடுவதென்றால் ஆணையரின் அனுமதி வேண்டும். பரம்பரை பரம்பரையாக இருந்தோம் என்பது கடைக்காரருக்குப் பெருமையாக இருக்கலாம், சொத்துரிமை ஆகாது.

கடைசியில் விஷயத்தை முடிவு செய்தது வாதம் அல்ல, நெருப்பு. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்தது. கருங்கல் எப்படி எரியும் என்று கேட்கலாம். கல் எரியாது, ஆனால் சூட்டில் வெடிக்கும். ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே விரிசல் ஓடும். முன்பே சொன்னது போல, உத்திரத்தின் அடிப்பக்கம்தான் அதன் பலவீனம். தீயின் நாக்கு முதலில் தொடுவதும் அந்த அடிப்பக்கத்தைத்தான். வீரவசந்தராயர் மண்டபத்தின் கூரை சரிந்தது. வீதியின் எதிர்ப்புறத்தில், அதைவிட அதிகமான துணியும் காகிதமும் மரமும் நிரம்பிய புது மண்டபம் நின்றுகொண்டிருந்தது. அந்த ராத்திரிக்குப் பிறகு, புது மண்டபத்தில் கடைகள் தொடரலாம் என்று வாதாடுவது யாருக்கும் சுலபமாக இல்லை.

கோயிலுக்குள்ளிருந்த கடைகள் அகற்றப்பட்டன. புது மண்டபத்துக் கடைகளுக்கு மாற்று இடம் பக்கத்திலேயே, குன்னத்தூர் சத்திரம். முன்னொரு காலத்தில் யாத்திரிகர் தங்குவதற்காக எழுந்து, பிறகு அதுவும் கடைகளாக மாறி, கடைசியில் இடிக்கப்பட்ட சத்திரம் அது. அந்த இடத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் (மதுரை அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2016ல்) மாடிகளோடு புதிய வணிக வளாகம் கட்டினார்கள். 2020களின் தொடக்கத்தில் கடைகள் அங்கே இடம் பெயர்ந்தன. இருநூறு வருஷமாக வெள்ளைக்காரர்கள் மண்டபத்தைச் சத்திரம் சத்திரம் என்று தப்பாகச் சொன்னார்கள் அல்லவா? மண்டபத்தின் கடைகள் கடைசியில் போய்ச் சேர்ந்தது நிஜச் சத்திரத்தின் பெயரில்!

பி.காம். படிப்பவர்களுக்குக் கூட்டாண்மைக் கணக்கில் 'குட்வில்' என்று ஒரு பாடம் வரும். தமிழில் நற்பெயர் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதற்குப் பல வரையறைகள் உண்டு என்றாலும் பாடப்புத்தகங்கள் விடாமல் எடுத்துச் சொல்வது, 1810ல் ஒரு வழக்கில் எல்டன் பிரபு என்ற ஆங்கிலேய நீதிபதி சொன்னதை: பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள் என்ற நிகழ்தகவுதான் குட்வில், வேறொன்றும் இல்லை என்பது அதன் சாரம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது 'பழைய வாடிக்கையாளர்' என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகும். 'பழைய இடம்' என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. ராஜாவின் சிலைக்கு இடதுபுறம் மூன்றாவது அங்கணம் என்று தாத்தா காலத்திலிருந்து அடையாளம் வைத்து வந்தவர், மாடிப்படி ஏறி எத்தனையாம் எண் கடை என்று தேட வேண்டும் என்றால், அந்த நிகழ்தகவு எவ்வளவு குறையும்? மண்டபத்தில் எல்லாமே தரைத்தளம், இரண்டு பக்கமும் வழி. கோயிலுக்கு வந்தவர் வெயிலுக்கு ஒதுங்கி நுழைந்தாலே பத்துக் கடையைக் கடந்துதான் வெளியே வருவார். மாடியில் உள்ள கடைக்கு அப்படி யாரும் தற்செயலாக வந்துவிட மாட்டார்கள். நஷ்டஈடு கணக்கில் சதுர அடி வரும், இது வராது.

இடம்பெயர்ந்த சந்தைகளின் கதை உலகமெங்கும் உண்டு. சென்னையில் கொத்தவால் சாவடி 1996ல் கோயம்பேட்டுக்குப் போனது. வியாபாரம் பெருகியது என்னவோ நிஜம்தான், ஆனால் அது மொத்தச் சந்தை, லாரி போகிற இடத்துக்கு வியாபாரி போவார். மதுரையிலேயே வடக்கு ஆவணி மூல வீதி சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது, பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடி வாகன நிறுத்தம். லண்டனில் கோவன்ட் கார்டன் என்று ஒரு காய்கறிச் சந்தை இருந்தது. 1974ல் சந்தையை ஆற்றுக்கு அக்கரையில் நைன் எல்ம்ஸுக்கு மாற்றினார்கள். காலியான 1830ஆம் வருடத்துக் கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்த்து 1980ல் மறுபடி திறந்தார்கள். கட்டடம் பிழைத்தது, கடைகளும் வந்தன, ஆனால் வந்தது சுற்றுலாப் பயணிகளுக்கான வேறு கடைகள். புது மண்டபத்துக்கு அந்தக் கதி இல்லை என்பது ஒரு ஆறுதல். இங்கே காலி செய்தது இன்னொரு வியாபாரிக்கு விடுவதற்காக அல்ல, சுவாமிக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக.

கடையே இல்லாமல் சுத்தமாக இருக்கும் மதுரை மண்டபம் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில்! மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த சிற்பத் தூண்கள் உதிரியாகக் கிடந்தபோது, 1912ல் ஊர் பார்க்க வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919ல் அவர் நினைவாக அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டன. அங்கே ஒரு மண்டபமாக நிறுத்தி, அளவாக விளக்குப் போட்டு, தூசு தட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிற்பத்தையும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புறப்பாடு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, "அண்ணே, பிளவுஸ் ரெடியா?" என்ற குரலும் இல்லை. அதைக் கட்டிய காரணம் மதுரையிலேயே தங்கிவிட்டது.

புது மண்டபம் அந்த நிலைக்குப் போகாது. வைகாசியில் வசந்த உற்சவம் இருக்கும்வரை சுவாமி வருவார். கடைகள் போனதால் பத்து நாயக்கர்களும் முழு உருவத்தோடு தெரிவார்கள், இரண்டு கதைக்கும் காரணமான ராணியையும் சேர்த்து. தீப்பிடித்துவிடுமோ என்ற பயமும் தீர்ந்தது. கடைகள் போகத்தான் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அதில் கணக்கு எழுதப்படாமல் விட்டுப்போன பக்கம் ஒன்று உண்டு, அவ்வளவுதான். மிச்ச நாட்களில் அந்த 333 அடி நீளக் கட்டடத்துக்குள் யார் எதற்காக நுழைவார்கள் என்ற கேள்வியும் அந்தப் பக்கத்தில்தான் வரும். கட்டடத்தைப் பழுதுபார்க்கக் கல் தச்சர் உண்டு. சல்லடம் தைக்கத் தெரிந்த ஒரு தையல்காரர் வாடகைக்குக் கட்டுபடியாகாமல் மெஷினை விற்றுவிட்டால் அந்த இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க எந்தத் துறையிடமும் திட்டம் கிடையாது.

அழகர் வேஷத்து உடுப்பு ஒரு தடவை தைத்தால் பல சித்திரைக்கு வரும். ஜிகினா உதிர்ந்தாலும், கச்சை இறுகினாலும், நேர்த்திக்கடன் முடியும்வரை பெட்டியில் மடித்து வைத்திருப்பார்கள். மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் யாளியின் காலடியில் தைத்த உருமாலும் சல்லடமும் இன்னமும் இருக்கும். அதைப் பிரித்துத் தைக்கவோ புதிதாக எடுக்கவோ பங்குனிக் கடைசியில் பஸ் ஏறி வருகிறவர் கேட்கும் இடத்தின் பெயர் புது மண்டபம்தான். கேட்டவரைக் குன்னத்தூர் சத்திரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.